ஒரே ரோட்டுல ரெண்டு தேசம்: பழைய பிரெஞ்சு எல்லையில் ஒரு சைக்கிள் சுற்று

விழுப்புரத்துல இருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ல போயிருக்கீங்களா? மொத்தமே 40 கிலோமீட்டர் சுமார். வளவனூர் வரைக்கும் தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்ததும் பாண்டி. திருபுவனை, திருவாண்டார்கோயில் வரைக்கும் பாண்டிதான். அப்புறம் கண்டமங்கலம், அது மறுபடியும் தமிழ்நாடு. அதைத் தாண்டி அரியூர், வில்லியனூர், திரும்பவும் பாண்டி. அரைத் தூக்கத்துல போற ஆளுக்கு இது எதுவும் தெரியாது. கண்ணு முழிச்சிருக்கிறவங்களுக்குத் தெரியற அடையாளம் ரெண்டுதான். ஒண்ணு சாராயக் கடை, இன்னொண்ணு பெட்ரோல் பங்க்.

நகரத்து நண்பர்கள் பாண்டிச்சேரி வந்தா கடற்கரையை ஒட்டின மஞ்சள் சுவர் தெருக்கள்ல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. அதுல தப்பில்ல. ஆனா பிரெஞ்சு ஆட்சியில இருந்த நிலத்துல பெரும்பகுதி தெரு இல்ல, வயல். பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுன்னு கரும்பும் நெல்லும் சவுக்கும் விளையற ஊருங்க. பாண்டிச்சேரி வட்டாரம் சுமார் 290 சதுர கிலோமீட்டர். அது ஒரே துண்டாக்கூட இல்ல. தமிழ்நாட்டுக்கு நடுவுல பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாச் சிதறிக் கிடக்குது. எங்க பக்கத்து வரப்புல ஏறி நின்னா, இந்தக் கழனி தமிழ்நாடு, அந்தக் கழனி பாண்டின்னு காட்டலாம்.

ரெண்டு போகத்துக்கு நடுவுல வேலை கொறையற நாள்ல நான் சைக்கிள் எடுத்துக்கிட்டு இந்த எல்லையைச் சுத்தறது வழக்கம். கியர் எல்லாம் கிடையாது, பால் கேன் மாட்டற அதே வண்டிதான். சைக்கிள் போகாத இடத்துல வரப்பு மேல தள்ளிக்கிட்டே நடப்பேன். மூணு நாலு வருஷமா துண்டு துண்டா சுத்தினதுல புரிஞ்சதை எழுதறேன்.

எல்லைன்னா நடக்கிறதுதான்

எல்லையை நடந்து பார்க்கிறது புதுசா வந்த பொழுதுபோக்கு இல்ல. பல்லவர், சோழர் காலத்துல ஒரு ஊரைத் தானமாகக் கொடுத்தால், முதலில் அந்த ஊரின் எல்லையைச் சுற்றி வருவார்கள். ஊரார் கூட நடக்க, ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றிய வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பார்கள். சோழர்களின் ஆனைமங்கலம் செப்பேட்டில் இந்த முறை எழுதியே இருக்கிறது. எந்த வாய்க்காலுக்கு மேற்கு, எந்த ஏரிக்கரைக்குத் தெற்கு என்று நாலு பக்கமும் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து.

எங்க பக்கமே அப்படி ஒரு சாட்சி இருக்கு. பாகூர் செப்பேடு. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ மன்னன் காலத்தில், பாகூரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்லும் பட்டயம் அது. செப்பேட்டின் தமிழ்ப் பகுதியில் அந்த ஊர்களின் எல்லைகள் வரிசையாக வருகின்றன. அதுல எல்லாம் நிலத்தில் கண்ணுக்குத் தெரியற எல்லை. அந்த ஊர்ல உழுதவனுக்குத் தன் ஊர் எங்க முடியுதுன்னு தெரியும்.

பிரெஞ்சு எல்லை அப்படி வரலை. அதனாலதான் அது இவ்வளவு கோணல்.

துண்டு துண்டா வந்த கதை

1670களில் இந்தப் பகுதி பீஜப்பூர் சுல்தானின் ஆளுகையில் இருந்தது. அவருடைய ஆளாக வாலிகண்டபுரத்தில் இருந்த ஷேர்கான் லோடியிடம் அனுமதி வாங்கி, 1674இல் பிரான்சுவா மார்த்தேன் பாண்டிச்சேரியில் வணிகத் தளத்தை நிலைப்படுத்தினார். அப்போது அது ஒரு கடலோர ஊர், அவ்வளவுதான். உள்நாட்டுக் கிராமங்கள் பிறகு வந்தன. ஆற்காட்டு நவாப் பதவிக்கு நடந்த சண்டையில் டூப்ளே சந்தா சாகிபின் பக்கம் நின்றார். 1749இல் ஆம்பூர்ப் போரில் அந்தப் பக்கம் ஜெயித்ததும், நன்றிக்கடனாக வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்கள் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தன. அந்தக் காலத்து அன்றாடச் செய்திகளை டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் தமிழில் எழுதி வைத்தார்.

கொடுத்தது எல்லாம் வரி வசூலிக்கிற உரிமை. எந்த ஊர் வரி யாருக்கு என்பதுதான் கணக்கு. ஆறு, மேடு, ஏரி பார்த்து யாரும் கோடு போடவில்லை. ஒரு ஊரின் வரி பிரெஞ்சுக்காரனுக்கு, பக்கத்து ஊர் வரி நவாபுக்கு, அதாவது பிறகு இங்கிலீஷ்காரனுக்கு.

அப்புறம் பல வருஷச் சண்டை. 1761இல் இங்கிலீஷ்காரர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763இல் ஒப்பந்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். 1778இல் மறுபடி பிடித்தார்கள். 1783 ஒப்பந்தத்தில் பாகூர் உட்பட சுற்றுக் கிராமங்களையும் சேர்த்துக் கொடுப்பதாக எழுதினார்கள். 1793இல் திரும்பவும் பிடித்தார்கள். கடைசியாக 1816இல் ஒப்படைத்ததுதான் நிலைத்தது. ஐரோப்பாவில் யார் ஜெயித்தாலும் தோற்றாலும் நெட்டப்பாக்கத்து விவசாயிக்கு வரி வாங்குகிற ஆள் மாறிக்கொண்டே இருந்தான்.

கூச் பிகார் பக்கம் இந்தியாவும் வங்கதேசமும் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று கிராமத் துண்டுகள் வைத்திருந்தன. ரெண்டு ராஜாக்கள் சதுரங்கம் ஆடி ஊர்களைப் பந்தயம் வைத்ததாக அங்கே ஒரு கதை உண்டு. 2015இல் 162 துண்டுகளை மாற்றிக்கொண்டு அந்தப் பிரச்சினையை முடித்தார்கள். நம்ம துண்டுகள் அப்படியே இருக்கு. ரெண்டு பக்கமும் இந்தியா ஆயிட்டதால யாருக்கும் அவசரமில்ல.

உப்புக்கு ஒரு விலை

1814, 1815 ஒப்பந்தங்களில் ரெண்டு நிபந்தனைகள் முக்கியம். ஒன்று, பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டக் கூடாது, காவலுக்குத் தேவையான ஆட்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதனாலதான் இந்த எல்லையில எங்க சுத்தினாலும் இடிஞ்ச கோட்டைன்னு ஒண்ணும் கண்ணுல படாது. காவலுக்கு ஆள் இல்லாத எல்லை, வரப்போட வரப்பா கலந்து கிடக்குது.

இரண்டாவது உப்பு. இங்கிலீஷ் கம்பெனிக்கு உப்பு ஏகபோகம் முக்கியம். பக்கத்திலேயே பிரெஞ்சு உப்பளம் இருந்தால் கடத்தல் நடக்கும். அதனால் உப்பு உரிமையை விட்டுக்கொடுக்க, வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்குக் கொடுப்பதாக 1815இல் ஒப்பந்தம் ஆனது. காசு அரசாங்கத்துக்குப் போச்சு. உப்பளத்துல வேலை செஞ்சவனுக்கு வேலை போச்சு.

எல்லை ஓடிவந்தவங்களுக்கு உதவிச்சு

இதே கோணல் எல்லை சிலருக்கு உயிர் காத்தது. 1908இல் பாரதியார் சென்னையில் கைதாகாமல் தப்பி இங்கே வந்தார். 'இந்தியா' பத்திரிகை பாண்டிச்சேரியில் அச்சாகி எல்லை தாண்டிப் போனது. 1910இல் அரவிந்தர் வந்தார். வ.வே.சு. ஐயரும் வந்தார். பிரிட்டிஷ் உளவுப் போலீஸ் எல்லை முழுக்கக் கண் வைத்திருந்தது. பத்து வருஷம் கழித்து, 1918 நவம்பர் 20ஆம் தேதி பாரதியார் எல்லை தாண்டியதும் கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். மூணு வாரத்துக்கும் மேல உள்ளே இருந்தார். ஒரு வாய்க்கால் தாண்டினா சுதந்திர மனுஷன், இந்தப் பக்கம் வந்தா கைதி. வரப்புல நின்னு யோசிச்சா இது நல்லாவே புரியும்.

ஆயாவோட தாய்வீட்டுச் சீர்

எங்க ஆயா பிறந்தது பிரெஞ்சு ஊர். கட்டிக்கிட்டு வந்தது இங்கிலீஷ் ஊர். நடுவுல ரெண்டு வாய்க்காலும் ஒரு களத்துமேடும்தான். பொங்கச் சீர் தலையில வச்சுக்கிட்டு நடந்தே வந்துடுவாங்க அவங்க அண்ணன்மாருங்க.

1947 ஆகஸ்ட் 15 இந்தப் பக்கம் சுதந்திரம். அந்தப் பக்கம் பிரெஞ்சுக் கொடியே பறந்தது. 1949இல் இந்திய அரசு எல்லையில் சுங்கச் சோதனையைக் கொண்டுவந்தது. சாவடி, முள்வேலி, அனுமதிச் சீட்டு எல்லாம் வந்தது. பாண்டி வழியாக வெளிநாட்டுச் சரக்கும் தங்கமும் கடத்தல் ஆகிறதென்று காரணம். அந்த நாளைப் பத்தி ஆயா சொல்வாங்க:

"எங்க அண்ணன் சீர்க்கூடையை எறக்கி வச்சு, மஞ்சக் கொத்து, கரும்பு, வெல்லம்னு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டணும்டா. கூடைக்கு அடியில தங்கம் வச்சிருக்கான்னு பாப்பாங்களாம். எங்க வீட்ல தாலிக்கு மேல தங்கம் எங்கடா இருந்துச்சு?"

ரெண்டு நாட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட குடும்பம்னு பஞ்சாப், வங்காளத்துக் கதை நிறையப் படிக்கிறோம். அந்த அளவு ரத்தம் இங்க சிந்தலை. ஆனா ஒரே சாதிசனம், ஒரே கொலதெய்வம், ஒரே கூழ், நடுவுல ஒரு சாவடி. அஞ்சு வருஷம் அதுவும் நடந்துச்சு.

நெட்டப்பாக்கமும் கீழூரும்

மதகடிப்பட்டுல தெற்கே திரும்பினா நெட்டப்பாக்கம், அதைத் தாண்டி மடுகரை. சைக்கிளுக்கு அருமையான சாலை. ரெண்டு பக்கமும் கரும்பு, நடுநடுவே புளியமரம். 1954 மார்ச் கடைசியில் இந்த நெட்டப்பாக்கத்தைத்தான் விடுதலை வீரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றித் தற்காலிக அரசு அமைத்தார்கள். நகரம் பிரெஞ்சு கையில் இருக்கும்போதே கிராமம் விடுதலை ஆகிவிட்டது. சுற்றிலும் இந்திய நிலம் இருந்ததால் பிரெஞ்சுப் படை அங்கே வர வேண்டுமானாலும் இந்தியாவைத் தாண்டித்தான் வர வேண்டும். கோணல் எல்லை அந்தத் தடவை பிரெஞ்சுக்காரனுக்கே எதிரா வேலை செஞ்சது.

அதைவிட முக்கியமான இடம் வில்லியனூர்ப் பக்கம் இருக்கிற கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று இங்கேதான் வாக்கெடுப்பு நடந்தது. ஊர் மக்கள் எல்லாரும் ஓட்டுப் போடவில்லை. சட்டசபை உறுப்பினர்களும் நகராட்சி, கொம்யூன் உறுப்பினர்களும் சேர்த்து 178 பேர். இந்தியாவோடு சேர 170 பேர், எதிர்த்து 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி முழுதாக மாறியது.

கீழூர்ல ஒரு நினைவு மண்டபம் இருக்கு. ஆகஸ்ட் 16 அன்னிக்கு அங்க கொடி ஏத்துவாங்க. மத்த நாள்ல ஆடு மேய்க்கிறவங்க நிழலுக்கு ஒதுங்கற இடம். நான் போனப்ப ஒரு பெரியவர் துண்டை விரிச்சு உக்காந்திருந்தார்.

"தம்பி எந்த ஊரு?" ன்னார். சொன்னேன்.

"அப்போ இங்கிலீஷ்காரன் ஊரு" ன்னு சிரிச்சார்.

"ஐயா, நீங்க அப்போ பிரெஞ்சுக்காரரா?"

"எங்க சித்தப்பா சொல்தா. பட்டாளத்துல இருந்தாரு, சாகற வரைக்கும் பிரான்சுல இருந்து பென்சன் வந்துச்சு. எங்க அப்பாரு மாடு மேய்ச்சாரு, அவருக்கு ஒண்ணும் வரல. ஒரே வீடுதான்."

1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நகரத்தில் படித்தவர்களுக்கும் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கும் அதன் அர்த்தம் தெரிந்தது. மாடு மேய்த்தவருக்கு அது ஒரு செய்தியாகக்கூட வந்து சேர்ந்திருக்காது. பெரியவர் வருத்தமாச் சொல்லலை, இருந்ததைச் சொன்னார்.

ஏக்கர், எக்டேர், காணி

விவசாயியா எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. இங்கிலீஷ்காரன் எங்க நிலத்தை ஏக்கர், சென்ட்னு அளந்தான். பிரெஞ்சுக்காரன் அந்தப் பக்க நிலத்தை எக்டேர், ஆர்னு அளந்தான். ரெண்டு பக்கமும் பத்திரம் வேற, பாஷை வேற, அளவு வேற. ஆனா ரெண்டு பக்கத்து விவசாயியும் இன்னிக்கும் வாயில சொல்றது காணிதான். ஒரு குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. ஏக்கர் கணக்குல 1.32. "எத்தன காணி நட்ட?" ன்னு கேட்டா எல்லைக்கு ரெண்டு பக்கமும் பதில் வரும். ரெண்டு பேரரசும் போயிடுச்சு, காணி போகல.

தண்ணிக்கு எல்லை கிடையாது

இவ்வளவு வரலாறும் எதுக்குச் சொல்றேன்னா, இந்தக் கோடு இன்னிக்கும் ஒரு விஷயத்துல எங்களைப் பாதிக்குது. தண்ணி.

பாகூர் ஏரி பாண்டிச்சேரியோட பெரிய ஏரிகள்ல ரெண்டாவது. அதுக்குத் தண்ணி வர்றது தென்பெண்ணையில சொர்ணாவூர் அணைக்கட்டுல இருந்து. அணைக்கட்டு தமிழ்நாடு, ஏரி பாண்டி. நடுவுல ஓடறது பங்காரு வாய்க்கால். பங்காரு, சிங்காருன்னு ரெண்டு பெண்கள் தங்களோட செல்வத்தைக் கொடுத்து வெட்டின வாய்க்கால்னு ஊர்ல கதை சொல்வாங்க. நான் அந்த வாய்க்கால் கரையோடவே நடந்திருக்கேன். சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும், பல இடத்துல கரையே இல்ல. எங்க பார்த்தாலும் ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலமும். தூர் வாரின இடம் ஒரு மாதிரி இருக்கு, வாராத இடம் ஒரு மாதிரி இருக்கு. வாய்க்காலோட மேல்தலை ஒரு அரசாங்கம், கடைமடை இன்னொரு அரசாங்கம். மேல வாரிட்டுக் கீழ விட்டாலும், கீழ வாரிட்டு மேல விட்டாலும் தண்ணிக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

ஊசுடு ஏரி இன்னும் வேடிக்கை. பாண்டியோட பெரிய ஏரி அதுதான், ஆனா ஏறக்குறையப் பாதி தமிழ்நாட்டுல இருக்கு. ரெண்டு அரசும் தனித்தனியாப் பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சிருக்கு. நீர்க்கோழிக்கு எந்தப் பாதியில நீந்தறோம்னு கவலை இல்ல. கரை உடைஞ்சா யார் வந்து அடைக்கிறதுங்கிற கவலை சுத்துப்பட்டு ஊர்க்காரங்களுக்குத்தான்.

பாண்டிச்சேரி வட்டாரத்துல 84 ஏரி. பிரெஞ்சுக் காலத்துல ஏரிப் பாசன விவசாயிகளே சேர்ந்து சங்கம் வச்சு, பணம் போட்டு, மதகும் வாய்க்காலும் பார்த்துக்கிட்டாங்க. இணைப்புக்கு அப்புறம் ஏரி அரசாங்கத்தோட பொறுப்பு ஆச்சு, ஆழ்துளைக் கிணறு வந்துச்சு, சங்கம் தளர்ந்துபோச்சு. 1999க்கு மேல ஐரோப்பிய ஒன்றிய உதவியோட ஏரிகளைச் சீர்படுத்தி, பழையபடி சங்கம் அமைக்க ஒரு முயற்சி நடந்தது. சில ஊர்ல நல்லாப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா எந்தச் சங்கமும் எல்லை தாண்டிப் போகலை. எங்க ஊர் ஏரி நிரம்பினா கலங்கல் தண்ணி போற ஊர் பாண்டி. அந்த ஊர் விவசாயியும் நானும் ஒரே கூட்டத்துல உக்காந்து பேச ஒரு இடம் கிடையாது. டீக்கடையில பேசிக்கறோம். டீக்கடையில தீர்மானம் போட முடியாது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிப் பக்கம் கரை கடந்ததே, ஞாபகம் இருக்கா? மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணையில் இருந்து 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். தென்பெண்ணை கரை புரண்டு விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களையும் பாகூர்ப் பக்கத்தையும் சேர்த்து மூழ்கடித்தது. வெள்ளத்துக்கு 1814, 1815 ஒப்பந்தம் தெரியலை. எங்க நெல்லும் போச்சு, எல்லைக்கு அந்தப் பக்க நெல்லும் போச்சு. தண்ணி வடிஞ்சதும் கணக்கெடுக்க வந்தது மட்டும் ரெண்டு அரசாங்கம். ரெண்டு படிவம், ரெண்டு தொகை, ரெண்டு தேதி. ஒரே வரப்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே சேதம்.

எல்லையை அழிக்கணும்னு நான் சொல்லலை. பாண்டிச்சேரிக்காரங்களுக்குத் தனி வரலாறு இருக்கு, தனி அடையாளம் இருக்கு, அதுல அவங்களுக்குப் பெருமையும் இருக்கு. என் மருமகன் ஊரே அந்தப் பக்கம்தான். ஆனா ஒரு ஆத்துக்கும் ஒரு வாய்க்காலுக்கும் ரெண்டு பக்கமும் உக்காந்து பேசற ஒரு பொது ஏற்பாடு விவசாயிங்க அளவுல இருக்கணும். மேல்தலைக்காரனும் கடைமடைக்காரனும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வாய்க்காலை முழுக்க நடந்து பார்த்தாலே பாதிப் பிரச்சினை கண்ணுக்குத் தெரிஞ்சிடும். அந்தக் காலத்துல யானையைக் கூட்டிக்கிட்டு நடந்தாங்க. நமக்கு யானைகூட வேணாம்.

இன்னொண்ணு. இந்த எல்லையோரக் கழனியெல்லாம் இப்ப வேகமா மனை ஆகுது. எல்லை வாய்க்காலைத் தூர்த்து, நடுவுல ரோடு போட்டு, நுழைவாயில் கட்டி வண்ணக்கொடி நட்டுட்டாங்க. வாய்க்கால் போனா எல்லை எங்க இருந்துச்சுன்னு காட்ட அடையாளமே இருக்காது. அடுத்த மழைக்குத் தண்ணி மட்டும் பழைய இடத்தைத் தேடி வரும்.

அதனால அடுத்த தடவை பாண்டி வரும்போது ஒரு காலையை இந்தப் பக்கம் ஒதுக்குங்க. வாடகை சைக்கிள் டவுன்லயே கிடைக்கும். வில்லியனூர் கோயிலைப் பாத்துட்டு கீழூர் போங்க, அங்கேர்ந்து ஊர் ஊரா விசாரிச்சு நெட்டப்பாக்கம். முடிஞ்சா பாகூர் மூலநாதர் கோயில் சுவர்ல இருக்கிற கல்வெட்டையும் பாத்துட்டு, ஏரிக்கரை மேல கொஞ்ச தூரம் நடங்க. தை மாசம் வாங்க, வெயில் தாங்கும், அறுப்பும் இருக்கும். தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க. வழி கேட்டா யாரும் சொல்வாங்க. இது தமிழ்நாடா பாண்டியான்னு கேட்டாத்தான் கொஞ்சம் யோசிப்பாங்க.